நடக்காததைத் திரும்பத் திரும்ப நினைத்தால் நடந்ததன் நினைவு மாறிப்போகுமா?

மாலைநேரம்

அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அன்று இரவு அவரிடமிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் தூங்கிப்போயிருந்தேன், எடுக்கவில்லை. விடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்.

அதன் பிறகு அந்த அழைப்பை எடுத்துப் பேசுவதாக நினைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முதலில் எடுத்தேன் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. அதன் பிறகு அவர் "தூங்கிட்டியா கண்ணு?" என்று கேட்பது வந்தது. இப்போது நான் எழுந்து விளக்கைப் போடுவது, தம்பியை எழுப்புவது, வண்டியை எடுப்பது என்று முழுக் காட்சியாக ஓடுகிறது. ஓடும்போது நெஞ்சு லேசாகிறது. முடிந்ததும் முன்பைவிடக் கனக்கிறது.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது வேறொன்று. அம்மாவின் குரலை நினைத்தாலே இப்போது முதலில் வருவது அந்த "தூங்கிட்டியா கண்ணு"தான். அவர் அந்த இரவு அதைச் சொல்லவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் உண்மையிலேயே பேசிய எத்தனையோ பேச்சுகளைவிட இது தெளிவாகக் கேட்கிறது. இப்படி நினைத்துப் பார்ப்பதால் அம்மாவைப் பற்றிய உண்மையான நினைவுகளை நானே அழித்துக்கொண்டிருக்கிறேனா? இதைப் பற்றிப் படித்தவர்கள், அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நினைவியல் மாணவி

மாலைநேரம், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நான் படிக்கும் துறை இதற்கு நெருக்கமானது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நினைவு என்பது ஒருமுறை பதிந்து அப்படியே கிடப்பதல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைத் துண்டுகளிலிருந்து மறுபடி கட்டுகிறது. உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932லேயே இதைச் சொன்னார். பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையை ஆட்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்பச் சொல்லச் சொன்னார். புரியாத இடங்களெல்லாம் சொல்பவருக்குப் பழக்கமான விஷயங்களாக மாறிப்போயிருந்தன. மாற்றியவர்களுக்கு மாற்றியதே தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு இதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது. நடந்ததை நினைப்பதற்கும் நடக்காததைக் கற்பனை செய்வதற்கும் மூளையில் பெரும்பாலும் ஒரே பகுதிகள்தான் வேலை செய்கின்றன. 2007ல் டெமிஸ் ஹசாபிஸும் எலினோர் மக்வயரும் மற்றவர்களும் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி பாதிக்கப்பட்டு நினைவிழந்த 5 பேரிடம், ஒரு கடற்கரையில் நிற்பதுபோலக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பெரும்பாலோரால் ஒரு முழுக் காட்சியாகக் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் வந்தது. பழையதை நினைக்க முடியாதவர்களுக்குப் புதியதைக் கற்பனை செய்யவும் முடியவில்லை. டேனியல் ஷாக்டரும் டோனா ரோஸ் ஆடிஸும் ஏறக்குறைய அதே காலத்தில் முன்வைத்த கருத்து இதுதான்: பழைய அனுபவங்களின் துண்டுகளைப் பிரித்து வேறு மாதிரி அடுக்கிப் பார்ப்பதற்காகவே நினைவு இவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது. எதிர்காலத்தை யோசிக்க அந்த நெகிழ்வு நமக்குத் தேவை. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் பிழை.

உங்கள் அம்மாவின் "கண்ணு" என்ற குரல் எங்கிருந்து வந்தது? அவர் உங்களிடம் வேறு நாட்களில் உண்மையாகப் பேசிய குரலிலிருந்துதான். அதனால்தான் அது பொய்யாகத் தோன்றவில்லை. துண்டுகள் எல்லாம் உண்மையானவை. அவை அடுக்கப்பட்ட இரவு மட்டும்தான் கற்பனை.

அடுத்தது, கற்பனை எப்படி நினைவுக்குள் கசிகிறது என்பது. 1996ல் மேரியன் கேரி, எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். சிறுவயதில் நடந்திருக்குமா என்று கேட்டபோது பலர் இல்லை என்று சொன்ன சம்பவங்களில் சிலவற்றை அவர்களையே கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு மறுபடி கேட்டபோது, கற்பனை செய்த சம்பவங்கள் நடந்திருக்கலாம் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. மாற்றுக் கடந்தகாலத்தையே நேரடியாக எடுத்துக்கொண்ட ஆய்வு 2014ல் வந்தது. கேத்தி கெர்லாக், ஷாக்டர் முதலியோர் செய்தது. ஆட்கள் சில செயல்களைச் செய்தார்கள். பிறகு சிலவற்றுக்கு, அதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்திருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்தார்கள். பின்னால் நினைவைச் சோதித்தபோது, கற்பனை செய்த மாற்றுச் செயலை உண்மையிலேயே செய்ததாகச் சொல்வது அதிகமாக இருந்தது. முதியவர்களிடம் இது இன்னும் கூடுதலாக நடந்தது.

ஆகவே நீங்கள் பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் "அழித்துக்கொண்டிருக்கிறேனா" என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். கலப்பு நடக்கலாம். அழிவு என்று சொல்ல ஆதாரம் இல்லை.

எதிர்க்காற்று

மாணவி சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு. இந்தச் சோதனைகளில் வருபவை என்ன? ஆய்வுக்கூடத்தில் செய்யச் சொன்ன சின்னச் சின்னச் செயல்கள், இல்லையென்றால் எப்போதோ சிறுவயதில் நடந்திருக்கக்கூடிய ஏதோ ஒன்று. ஒருவரின் வாழ்க்கையிலேயே கனமான இரவு இதோடு ஒன்றா? சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாகப் பொய்க் கதை சொல்லி நம்பவைத்த 1995 ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் மொத்தம் 24 பேர்தான். நான்கில் ஒரு பங்கினர்தான் முழுதாகவோ பாதியாகவோ அதை நினைவாக ஏற்றார்கள். மீதி மூன்று பங்கினர் அசையவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நினைவு நம்பவே முடியாதது என்று சொல்லிச் சொல்லி, துக்கத்தில் இருப்பவருக்குத் தன் நினைவின் மேலேயே சந்தேகம் வரவைப்பது நல்லதா? மாலைநேரம் அழைப்பை எடுக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்கிறார். அவர் நினைவு சரியாகத்தானே வேலை செய்கிறது?

நினைவியல் மாணவி

எதிர்க்காற்று, நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடே. ஒரு நிகழ்வின் மையம் சுலபத்தில் அசையாது. ஓரங்கள்தான் அசையும். அழைப்பு வந்ததும் எடுக்காததும் மையம். குரலின் தொனி, விளக்கு, யார் முதலில் எழுந்தார்கள் என்பதெல்லாம் ஓரம்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மனதில் காட்சி தெளிவாக ஓடுவது ஒன்று. அது நடந்தது என்று நம்புவது வேறு. இரண்டும் தனித்தனியாக இருக்க முடியும். குழந்தை உளவியலில் பெரும்பெயர் பெற்ற ழான் பியாஜேக்கு, தான் குழந்தை வண்டியில் இருந்தபோது ஒருவன் கடத்த வந்ததும் தாதி போராடிக் காப்பாற்றியதும் கண்ணால் கண்டதுபோல நினைவிருந்தது. தாதியின் முகத்தில் விழுந்த கீறல்கள்கூட. அவருக்குப் 15 வயது ஆகும்போது அந்தத் தாதி, அது தான் கட்டிய கதை என்று கடிதம் எழுதி, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். கதை பொய் என்று தெரிந்த பிறகும் அந்தக் காட்சி அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஜூலியானா மட்ஸோனி, ஆலன் ஸ்கோபோரியா முதலியோர் 2010ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு இப்படி ஒன்றாவது இருந்தது. அதாவது நினைவு தெளிவாக இருக்கும், நடந்தது என்று மட்டும் நம்ப மாட்டார்கள்.

மாலைநேரம், உங்கள் நிலை இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காட்சி வலுத்திருக்கிறது, நம்பிக்கை நழுவவில்லை. எது கற்பனை என்ற அடையாளம் உங்களிடம் அழியாமல் இருக்கிறது.

நடுநிசி

நினைவைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். வலியைப் பற்றி நான் எழுதுகிறேன். எனக்கு நெருக்கமானது அதுதான்.

நூலிழையில் தவறியதுதான் அதிகம் வலிக்கும். கானமன், ட்வர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982ல் ஒரு கேள்வி கேட்டார்கள். இரண்டு பேர் ஒரே வண்டியில் விமான நிலையத்துக்குப் போகிறார்கள். நெரிசலில் மாட்டி, விமானம் புறப்பட வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேருகிறார்கள். ஒருவரின் விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. இன்னொருவருடையது தாமதமாகி, 5 நிமிடத்துக்கு முன்னால்தான் போனது. யாருக்கு அதிக வருத்தம்? 96 சதவீதம் பேர் இரண்டாமவருக்கு என்றார்கள். இருவருக்கும் இழப்பு ஒன்றுதான். 5 நிமிடத்தை மனதில் சுலபமாக நகர்த்திவிடலாம், அரை மணியை நகர்த்துவது கடினம். வித்தியாசம் அவ்வளவே. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள் என்று விக்டோரியா மெட்வெக் முதலியோர் 1995ல் காட்டியதும் இதே காரணத்தால்தான். வெள்ளி வாங்கியவர் தங்கத்தை நினைக்கிறார். வெண்கலம் வாங்கியவர் வெறுங்கையோடு போயிருக்கக்கூடும் என்று நினைக்கிறார்.

ஒலித்துக்கொண்டிருந்த ஒரு தொலைபேசி என்பது அந்த 5 நிமிடத்தைவிட நெருக்கம். கை நீட்டினால் போதும். அதனால்தான் மனது அதையே பிடித்துக்கொள்கிறது.

உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வாகன விபத்தில் துணையையோ பிள்ளையையோ இழந்தவர்களிடம், இழப்புக்கு 4 முதல் 7 ஆண்டுகள் கழித்து கிறிஸ்டோபர் டேவிஸ் முதலியோர் பேசினார்கள். ஆய்வு 1995ல் வந்தது. நிறையப் பேர் அத்தனை வருடம் ஆன பிறகும் அந்த விபத்தை மனதுக்குள் நடக்காததாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகம் அப்படிச் செய்தவர்களுக்குத் துயரமும் அதிகம் இருந்தது. அதில் என்னை உலுக்கியது எதுவென்றால், அவர்கள் மனதில் மாற்றிப் பார்த்தது பெரும்பாலும் தங்கள் செயலை. நான் போக விடாமல் இருந்திருந்தால், நானும் கூடப் போயிருந்தால், இப்படி. ஆனால் விபத்துக்குத் தாங்கள்தான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. "நான் இதைச் செய்திருந்தால் தடுத்திருக்கலாம்" என்பது ஒன்று, "நான்தான் காரணம்" என்பது முற்றிலும் வேறு. இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது இரண்டும் ஒன்றாகிப்போகின்றன. தயவுசெய்து அவற்றை ஒன்றாக்காதீர்கள்.

வெள்ளைச்சீருடை

நான் செவிலியர். தீவிர சிகிச்சைப் பிரிவுல ரொம்ப காலமா இருக்கேன். ஆய்வெல்லாம் எனக்குத் தெரியாது. வாசல்ல உட்கார்ந்திருக்கிற குடும்பத்துக்காரங்க பேசுறதைக் கேட்டிருக்கேன்.

எல்லாரும் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் மாத்திப் பாப்பாங்க. பத்து வருஷமா ஏறிக்கிட்டிருந்த ரத்த அழுத்தத்தை யாரும் மாத்திப் பாக்க மாட்டாங்க. "அந்த ரோட்ல போயிருந்தா", "நான் அன்னிக்கு லீவு போட்டிருந்தா", "அந்தப் பேச்சு பேசாம இருந்திருந்தா". எப்பவும் கடைசில நடந்தது, எப்பவும் தன் கையில இருந்தது. அதுலயும் வழக்கத்துக்கு மாறா அன்னிக்குன்னு ஏதாவது செஞ்சிருந்தா போச்சு, அதையே புடிச்சுக்குவாங்க. மாரடைப்புங்கிறது ரத்தக்குழாய்ல வருஷக்கணக்கா படிஞ்சு வர்ற விஷயம். அடைப்பு விழுற அந்த நேரம் மட்டும்தான் நம்ம கண்ணுக்குத் தெரியுது.

மாலைநேரம், நீங்க எடுத்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா உங்க மனசுல ஓடுற காட்சில அம்மா ஒவ்வொரு தடவையும் பிழைச்சிடறாங்க இல்லையா? நிஜத்துல எடுத்துப் பேசி, ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்து, அப்புறமும் இழந்தவங்களை நான் பாத்திருக்கேன். அவங்க வேற ஒண்ணை மாத்திப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்னு.

மாலைநேரம்

அக்கா, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆமாம். ஒருமுறைகூட அந்தக் காட்சியில் அம்மா இறந்ததில்லை. நான் எடுத்தால் அவர் பிழைப்பார் என்பதை ஒரு விதிபோல வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கணக்கு

துக்கம் இல்லாத ஒரு கோணத்தையும் சேர்க்கலாமா? செய்யாமல் விட்டதைப் பற்றி.

கில்லோவிச்சும் மெட்வெக்கும் தொண்ணூறுகளில் காட்டியது: இந்த வாரத்தைப் பற்றிக் கேட்டால் செய்ததற்காக வருந்துகிறோம், வாழ்நாள் முழுவதையும் பற்றிக் கேட்டால் செய்யாமல் விட்டதற்காக. எனக்கு இது அப்படியே பொருந்துகிறது. இளம் வயதில் இசையைத் தொடராமல் விட்டேன். செய்து கெடுத்த காரியங்களுக்கு ஒரு முடிவு உண்டு, விளைவு தெரிந்துவிட்டது, பழகிவிட்டேன். செய்யாத காரியத்துக்கு முடிவே இல்லை. கற்பனை எவ்வளவு வேண்டுமானாலும் அதை வளர்த்துக்கொண்டே போகலாம், தடுக்க எந்த உண்மையும் குறுக்கே வராது. அந்த மாற்று வாழ்க்கையில் நான் ஒருநாளும் சலித்துப்போனதில்லை, தோற்றதில்லை.

ஆனால் அந்த ஏக்கம்தான் என்னை நாற்பதுக்கு மேல் மறுபடி பாடம் கேட்க வைத்தது. நீல் ரோஸ் என்ற ஆய்வாளர் 1994ல் எழுதியது இதைத்தான் சொல்கிறது: இதைவிட நன்றாக நடந்திருக்கலாம் என்று நினைப்பது மனதைத் தாழ்த்தும், ஆனால் அடுத்த முறை எப்படிச் செய்வது என்று காட்டும். இதைவிட மோசமாக நடந்திருக்கலாம் என்று நினைப்பது ஆறுதல் தரும். இரண்டுக்கும் வேலை உண்டு.

எதிர்க்காற்று

பழைய கணக்கு சொல்வது அடுத்த முறை என்று ஒன்று இருப்பவர்களுக்கு. பாடத்தை மறுபடி தொடங்கலாம். அம்மா ஒருமுறைதான் இறப்பார். வழிகாட்டும் வருத்தம் வழி இல்லாத இடத்தில் என்ன செய்யும்? சுற்றிச் சுற்றி வரும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு, மாற்றி யோசிப்பது பயனுள்ளது என்று பொதுவாகச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது.

மாணவியிடம் ஒரு கேள்வி. திரும்பத் திரும்ப ஓட்டினால் அந்த மாற்றுக் கடந்தகாலம் இன்னும் நம்பும்படி ஆகுமா, குறையுமா?

நினைவியல் மாணவி

எதிர்பார்ப்புக்கு மாறான விடை இதற்கு இருக்கிறது. ஃபெலிப்பே டி பிரிகார்ட், கார்ல் ஷ்புனார், ஷாக்டர் மூவரும் 2013ல் செய்த சோதனை. ஆட்கள் தங்கள் சொந்த வாழ்க்கைச் சம்பவங்களுக்கு மாற்று முடிவுகளைக் கற்பனை செய்தார்கள், சிலவற்றைத் திரும்பத் திரும்ப. திரும்பக் கற்பனை செய்தவை நடந்திருக்கக்கூடியவை என்ற உணர்வு குறைந்தது. அதே ஷ்புனாரும் ஷாக்டரும் எதிர்காலச் சம்பவங்களைத் திரும்பத் திரும்பக் கற்பனை செய்யச் சொன்னபோது தலைகீழாக, அவை நடக்கக்கூடியவை என்ற உணர்வு கூடியது. அதாவது எதிர்காலத்தை ஓட்டிப் பார்த்தால் அது நெருங்கி வருகிறது. மாற்றுக் கடந்தகாலத்தை ஓட்டிப் பார்த்தால் அது விலகிப் போகிறது.

இதை மட்டும் வைத்து "நிறைய ஓட்டுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட முடியாது. நடுநிசி சொன்ன ஆய்வில் வருடக்கணக்காக ஓட்டியவர்களின் துயரம் குறைந்திருக்கவில்லை. ஒன்று ஆய்வுக்கூடத்தில் சில முறை செய்வது, இன்னொன்று இரவுக்கு இரவு தானாக வருவது. என் கணிப்பு, இது கணிப்புதான்: காட்சி மட்டும் ஓடும்போது "நடந்திருக்கலாம்" என்பது மெல்லத் தேய்கிறது. ஒவ்வொரு முறையும் புது விவரம் சேர்த்து, கடைசியில் "நான் ஏன் செய்யவில்லை" என்ற கேள்வியோடு முடித்தால், தேய்வதற்கு இடமே கிடைப்பதில்லை. மாலைநேரத்தின் காட்சி வளர்ந்துகொண்டே போனதை அவரே எழுதியிருக்கிறார்.

எதிர்க்காற்று சொன்ன அந்த வித்தியாசம்தான் இந்த இழையிலேயே முக்கியமானது என்று எனக்குப் படுகிறது. வருத்தம் தேவையில்லாத உணர்வு அல்ல. நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலே உள்ள மூளைப்பகுதி பாதிக்கப்பட்டவர்களை நதாலி கமீல் முதலியோர் 2004ல் சூதாட்டம் போன்ற ஒரு தேர்வில் ஈடுபடுத்தினார்கள். தாங்கள் விட்ட வாய்ப்பில் என்ன கிடைத்திருக்கும் என்று காட்டியபோதும் அவர்களுக்கு வருத்தம் வரவில்லை. அதைத் தவிர்க்கும்படி அடுத்த தேர்வை மாற்றிக்கொள்ளவும் இல்லை. நம் தேர்வுகளைத் திருத்தும் கருவி வருத்தம். திருத்த எதுவும் மிஞ்சாத இடத்தில் அந்தக் கருவி நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் சிக்கல்.

வெளிச்சம்

ஒரு சின்ன யோசனை. 2008ல் வந்த ஒரு ஆய்வில், தங்கள் வாழ்க்கையில் நடந்த நல்லது ஒன்று நடக்காமலே போயிருந்தால் எப்படியிருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். அந்த நல்லது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட இவர்களின் மனநிலை மேம்பட்டது. மாலைநேரம் அந்த இரவை மாற்றுவதற்குப் பதிலாக, அம்மாவோடு கழித்த ஏதாவது ஒரு நல்ல நாள் கிடைக்காமலே போயிருந்தால் என்று யோசித்துப் பார்க்கலாமே. கையில் இருப்பதன் அருமை தெரியும்.

நடுநிசி

வெளிச்சம், நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் துக்கத்தில் இருப்பவரிடம் "இன்னும் மோசமாகியிருக்கலாம்" என்ற பக்கம் எதையும் கொண்டுபோகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் போனபோது "படுக்கையில் கிடந்து அவதிப்படாமல் போனாரே" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர்கள் என் துக்கத்தை அளந்து குறைத்ததாகத்தான் எனக்குப் பட்டது. அந்த ஒப்பீட்டை நானாக ஒருநாள் வந்து சேர்ந்தபோது அது ஆறுதலாக இருந்தது. இன்னொருவர் கையில் அது ஆறுதலாக இருக்கவில்லை.

வெளிச்சம்

புரிகிறது அம்மா. மாலைநேரம் தானாக விரும்பும்போது மட்டும் என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுவாசிப்பு

இதுவரை யாரும் தொடாத ஒன்று. கடந்தகாலத்தை மாற்றிக் கற்பனை செய்வதையே சிகிச்சையாகவும் பயன்படுத்துகிறார்கள். சிறுவயதில் எனக்கு நேர்ந்த ஒன்றுக்காக நான் அதற்குப் போயிருக்கிறேன். என்ன நேர்ந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை.

சிகிச்சையாளர் அந்தப் பழைய காட்சிக்குள் என்னைக் கண்ணை மூடிப் போகச் சொன்னார். பிறகு வளர்ந்த நான் அந்த அறைக்குள் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார். அந்தக் குழந்தைக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்டார். நான் கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவ்வளவுதான் காட்சி. மாதக்கணக்கில் வந்த கெட்ட கனவு அதன் பிறகு மெல்லக் குறைந்தது. இந்த முறை பற்றி 2020ல் வந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், சிறுவயது அதிர்ச்சியால் பாதிக்கப்பட்ட 155 பேரிடம் இதுவும், கண்களை அசைத்துச் செய்யும் இன்னொரு சிகிச்சையும் நன்றாகவே பலன் தந்தன.

இதனால் நடந்ததை நான் மறந்துவிடவில்லை. என்ன நடந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் அப்படியே சொல்வேன். மாறியது அதன் பொருள். "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்று அந்தக் காட்சி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது சொல்வதில்லை.

மாலைநேரம் தனியாகச் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். சிகிச்சையில் "நான் அன்று இதைச் செய்திருக்க வேண்டும்" என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய குழந்தையால் முடியாததை இன்றைய நான் செய்தேன். அன்றைய என்னைக் குற்றவாளியாக்கவில்லை, அவளுக்குத் துணை அனுப்பினேன். நீங்கள் ஓட்டும் காட்சியில் தூங்கிக்கொண்டிருந்த உங்களுக்கு யார் துணை? அந்தக் காட்சியில் அவரைத் திட்டுவதற்கு மட்டும்தான் ஆள் இருக்கிறது.

கனமான அதிர்ச்சிகளுக்கு இதைத் தனியாக முயலாதீர்கள். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். வழக்கு, சாட்சியம் என்று ஏதாவது நிலுவையில் இருந்தால் நடந்ததை முதலில் எழுதி வைத்துவிட்டு அதை உங்கள் சிகிச்சையாளரிடமும் சொல்லிவிடுங்கள்.

மாலைநேரம்

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி மறுபடி படித்தேன்.

மறுவாசிப்பு, "தூங்கிக்கொண்டிருந்த உங்களுக்கு யார் துணை" என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. அதை ஒரு ஆலோசகரிடம் எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

மாணவி, ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி. உண்மையான நினைவுகளை இன்னும் கலப்படமாகாமல் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். அன்றைய இரவை மட்டுமல்ல, அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும். தம்பிக்கு நிறைய நினைவிருக்கும். இருவரும் உட்கார்ந்து பேசி எழுதலாமா?

நினைவியல் மாணவி

பேசுவதற்கு முன்னால் இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஃபியோனா காபெர்ட் முதலியோர் 2003ல் ஒரே சம்பவத்தை இரண்டு பேருக்கு வேறு வேறு கோணத்தில் காணொளியாகக் காட்டி, பிறகு இருவரையும் பேச விட்டார்கள். பேசியவர்களில் 71 சதவீதம் பேர், கூட இருந்தவர் மட்டுமே பார்த்த ஏதாவது ஒன்றைத் தானும் பார்த்ததாகச் சொன்னார்கள். அன்பு உள்ள இடத்தில் இது கூடுதலாகத்தான் நடக்கும் என்று நான் நினைக்கிறேன். தம்பி அழுதுகொண்டே சொல்வதை நீங்கள் மறுக்க மாட்டீர்கள்.

எழுதும்போது மூன்று விதமாகக் குறித்துக்கொள்ளலாம். எனக்கு நினைவிருப்பது, மற்றவர் சொல்லித் தெரிந்தது, நான் கற்பனை செய்தது. "தூங்கிட்டியா கண்ணு" மூன்றாவதில் போகட்டும். அதை அழிக்க வேண்டாம். கூடவே இன்னொன்றையும் தேடிப் பாருங்கள்: அம்மா அந்தச் சொற்களை உண்மையிலேயே உங்களிடம் எப்போது கேட்டார்? அந்தக் குரல் ஏதோ ஒரு உண்மையான இரவிலிருந்துதான் வந்திருக்கும். படங்கள், பழைய குறுஞ்செய்திகள், குரல் பதிவுகள் இருந்தால் அவற்றையும் எழுதி முடித்த பிறகு எடுங்கள், எழுதும் முன் வேண்டாம்.

வெள்ளைச்சீருடை

இன்னொண்ணும் செய்யுங்க. அம்மாவைப் பாத்த டாக்டர்கிட்ட ஒருநாள் நேரம் கேட்டு, தம்பியையும் கூட்டிட்டுப் போய், "அந்த நேரத்துல கூப்பிட்டதை எடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்"னு நேராவே கேளுங்க. அவங்க சொல்றது உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஒருவேளை எடுத்திருந்தா பலன் இருந்திருக்கும்னுகூட சொல்லலாம். அதுக்கும் தயாரா போங்க. ஆனா இப்ப உங்க காட்சில எடுத்தா பிழைச்சாங்க, எடுக்கலைன்னா போயிட்டாங்கன்னு ரெண்டே வழிதான் இருக்கு. டாக்டர் நடுவுல இருக்கிறதையெல்லாம் சொல்லுவாங்க. எவ்வளவு பெரிய அடைப்பு, ஆஸ்பத்திரி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், வந்தாலும் எவ்வளவு பேர் தப்பிக்கிறாங்கன்னு. கோப்பு இருந்தா அதோட நகலையும் எடுத்துட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி கேள்விகளை ஒரு தாள்ல எழுதிக்கோங்க, அங்க போனா பாதி மறந்துடும்.

மாலைநேரம்

சரி அக்கா. தம்பியிடம் இன்று பேசினேன். தனித்தனியாக எழுதுவதற்கு ஒத்துக்கொண்டான். மருத்துவரிடம் போவதற்கு மட்டும் கொஞ்சம் காலம் வேண்டும் என்கிறான். அவனும் ஏதோ ஒரு அழைப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான், நான்தான் நிறுத்தி, முதலில் எழுது என்று சொன்னேன்.